டயப்பர் புண்: ரெண்டே நாளில் ஆற்றிய அந்த ட்யூப்

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம் ஆகிறது. எடை 8 கிலோ. நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பகலில் அத்தைதான் (மாமியார்) குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் சளி, காய்ச்சலுக்காக ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தோம். நாலாவது நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. அதோடு டயப்பர் கட்டும் இடமெல்லாம் சிவந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவிய ரெண்டாவது நாளே ஆறிவிட்டது. நாலு நாள் தடவிவிட்டு நிறுத்தினேன், ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடியும் தடவினேன், போனது. இப்போது மூன்றாம் முறை, முன்பைவிட மோசம். தொடை இடுக்கெல்லாம் ரத்தச் சிவப்பு, சுற்றிலும் பொரிப்பொரியாகச் சின்னப் புள்ளிகள். ஒன்றுக்குப் போனாலே வீறிட்டு அழுகிறாள். வெட் வைப்ஸால் துடைத்து, பவுடர் போட்டுத்தான் டயப்பர் மாட்டுகிறேன். எல்லாம் டயப்பரால் வந்த வினை, தூக்கிப் போடு, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவு என்கிறார் அத்தை. டயப்பரை அடியோடு நிறுத்த வேண்டுமா? அந்த ட்யூபையே தொடரலாமா? மாதக் கடைசியில் திருச்செந்தூர்ப் பக்கம் குலதெய்வம் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறோம். பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். ட்யூபின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த ட்யூபை எடுத்துத் தனியாக வையுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய படத்தில், பெரிதாக அச்சடித்த பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று மருந்துகள் இருக்கின்றன: க்ளோபெட்டசால், மைக்கோனசோல், நியோமைசின். முதலாவது ஸ்டீராய்டு, இரண்டாவது பூஞ்சைக்கு, மூன்றாவது பாக்டீரியாவுக்கு. என்ன நோயாக இருந்தாலும் மூன்றில் ஒன்றுக்காவது அடங்கும் என்ற கணக்கில் செய்த கலவை இது. விற்பவருக்கு இதில் வசதி, நோய் என்னவென்று பார்க்கவே வேண்டாம். ரெண்டே நாளில் சிவப்பை மறைத்தது அந்த முதல் மருந்து. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் வீரியத்தில் உச்சப் படியில் இருப்பது க்ளோபெட்டசால். பெரியவர்களுக்கே உள்ளங்கை, பாதம் மாதிரித் தடித்த தோலில் வரும் பிடிவாதமான நோய்களுக்கு, நாள் கணக்கு வைத்துத்தான் எழுதுவோம். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு வயது 9 மாதம்.

ஸ்டீராய்டு எரிச்சலையும் சிவப்பையும் அமுக்கும். கிருமியை எதிர்த்து உடம்பு அந்த இடத்தில் நடத்தும் சண்டையையும் சேர்த்தே அமுக்கும். வெளியே பார்த்தால் ஆறியது போலத் தெரியும். அடியில் பூஞ்சை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். அதே ட்யூபில்தான் பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது வேலையை முடிக்க ஒன்றிலிருந்து ரெண்டு வாரம் வேண்டும். சிவப்பு போனதும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், அதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிச்சமிருந்த பூஞ்சை மறுபடி தலைதூக்கியது, நீங்கள் மறுபடி தடவினீர்கள். சுற்று இப்படித்தான் ஓடுகிறது.

இன்னொன்று, டயப்பருக்குள் தடவும் மருந்தும் கையில் காலில் தடவும் மருந்தும் ஒன்றல்ல. மேலே மூடியிருக்கிறது, ஈரமாக இருக்கிறது, தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. மருந்து உள்ளே இறங்கும் அளவு எக்கச்சக்கமாகக் கூடிவிடும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம் என்பதால், உள்ளே போனது உடம்பு முழுக்க வேலை காட்டும். இந்த மாதிரி ட்யூபை மாதக் கணக்கில் தடவிய குழந்தைகள் முகம் உருண்டு, கன்னம் உப்பி, ஆனால் உயரம் ஏறாமல் வருவதைக் குழந்தை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டில் 'பிள்ளை நல்லா கொழுகொழுன்னு ஆயிருச்சு' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் கேட்டால் இப்போதும் கிடைக்கிறது என்பதைத்தான் உங்கள் கடிதமே சொல்கிறதே.

உங்கள் மகளுக்கு அந்தப் பயம் வேண்டாம். நாலைந்து நாள் வீதம் இரண்டு சுற்றுதான் தடவியிருக்கிறீர்கள், அப்படியே நிறுத்திவிடலாம். ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது வாரக்கணக்கில் இப்படிப்பட்ட களிம்பைத் தடவிக்கொண்டிருந்தால், சட்டென்று நிறுத்தாமல் ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அடங்கிப் போயிருக்கலாம், அதைப் பார்த்துத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரி, இப்போது இருப்பது என்ன? நல்ல வெளிச்சத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடை இடுக்கை விரித்துப் பாருங்கள். சாதாரண டயப்பர் புண், டயப்பர் நேராகப் படும் மேடான இடங்களில் வரும்: புட்டம், தொடையின் மேல்பகுதி, அடிவயிறு, பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பின் வெளி இதழ்கள். மடிப்புக்குள் தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே டயப்பர் உரசுவதில்லை. பூஞ்சையான கேண்டிடா இதற்கு நேர்மாறு. மடிப்புக்குள்தான் குடியேறும். நல்ல ரத்தச் சிவப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும். அந்தச் சிவப்புக்கு வெளியே தனித்தனியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், சிலவற்றின் தலையில் துளி சீழ் மாதிரி வெள்ளையாக இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் 'பொரிப்பொரியாக' என்பது இதுவேதான் என்று நினைக்கிறேன். முன்கதையும் பொருந்துகிறது. ஆன்டிபயாட்டிக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் குறைக்கும், அந்த இடத்தில் கேண்டிடா பெருகி மலத்தோடு வெளியே வரும். வயிற்றுப்போக்கு தோலை முன்கூட்டியே புண்ணாக்கி வைத்திருக்கும். அதன்மேல் ஸ்டீராய்டும் சேர்ந்துவிட்டது.

வாயையும் பாருங்கள். நாக்கிலோ கன்னத்தின் உள்பக்கமோ தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டு இருந்து, ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை என்றால் அங்கேயும் கேண்டிடா இருக்கிறது. வாய்க்குத் தனி மருந்து தர வேண்டும். நீங்கள் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள், காம்பில் எரிச்சலோ வலியோ இருக்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரெண்டு பேருக்கும் ஒன்றாகப் பார்க்காவிட்டால் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும்.

இதே வாரத்தில் குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். கடிதத்தை வைத்து நான் ஊகிக்கத்தான் முடியும். பூஞ்சைதான் என்று அவரும் சொன்னால் அநேகமாக க்ளோட்ரிமசோல் 1% க்ரீம் எழுதுவார். வேறு எதுவும் கலக்காத வெறும் க்ளோட்ரிமசோலாக இருக்க வேண்டும். இதே ட்யூபின் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைக் கூட்டி ஸ்டீராய்டு கலந்த வகையும் கடையில் இருக்கும், ஆகவே அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். '-சோன்' என்றோ '-சால்' என்றோ முடியும் இரண்டாவது பெயர் தெரிந்தால் பணம் கொடுக்கும் முன் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். காலையும் மாலையும், கழுவித் துடைத்தபின், மெல்லிசாக. சிவப்பு மறைந்த பிறகும் அவர் சொல்லும் நாள் வரை தொடருங்கள். இந்த முறை நடுவில் நிறுத்தக் கூடாது.

மருந்து பாதிதான். மீதி, ஒரு நாளைக்கு அத்தனை தடவை கழுவி மாற்றுகிற கையில் இருக்கிறது. அதற்கு இந்தப் புண் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது, அத்தைக்கும் சொல்லலாம்.

ரொம்ப காலம் எல்லாப் பழியும் அம்மோனியா மேல் இருந்தது. காலையில் நனைந்த துணியை அவிழ்த்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வருமே, அதுதான். 1921-இல் குக் என்ற அமெரிக்க மருத்துவர், மலத்தில் உள்ள பாக்டீரியா சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அதனால் தோல் வெந்துபோகிறது என்று எழுதினார். பாதி சரி. 1980-களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு கதை இன்னும் கொஞ்சம் தெளிவானது. நல்ல தோலுக்கு லேசான அமிலத் தன்மை உண்டு, அது ஒரு காவல். அம்மோனியா அதைக் காரத் தன்மைக்கு மாற்றுகிறது. காரம் கூடியதும், மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் சுறுசுறுப்பாகிவிடும். புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கப் பிறந்த நொதிகள் அவை. குழந்தையின் தோலும் புரதமும் கொழுப்பும்தானே. நெடுநேரம் ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆன தோல், டயப்பர் உரசலில் இன்னும் சீக்கிரம் கிழியும். வயிற்றுப்போக்கின்போது உணவு குடலை வேகமாகக் கடந்துவிடுவதால் நொதிகள் வீரியம் குறையாமலே வெளியே வருகின்றன. சரியாகச் சொன்னால் மூத்திரத்தைவிட மலம் மோசம், ரெண்டும் கலந்து ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாவற்றையும்விட மோசம். 9 முதல் 12 மாதத்தில்தான் இந்தப் புண் அதிகம் வருகிறது. இட்லி, பருப்புச் சாதம், பழம் என்று உணவு மாறுகிறது, மலமும் மாறுகிறது, ராத்திரி எழுந்திருக்காமல் நெடுநேரம் தூங்குகிறார்கள். முழுக்கத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலம் அவ்வளவு காரமாக இருப்பதில்லை, அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆக டயப்பரைத் தூக்கிப் போட வேண்டுமா என்றால், வேண்டாம். மலமும் ஈரமும் தோலில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. இப்போதைய டயப்பருக்குள் இருக்கும் ஜெல் பொடி சிறுநீரை உறிஞ்சித் தன்னுள் பூட்டிக்கொள்கிறது, அந்த வகையில் தோல் துணியில் இருப்பதைவிட உலர்ந்தே இருக்கிறது. (டயப்பர் கிழிந்தால் ஜவ்வரிசி மாதிரிப் பளபளவென்று தோலில் ஒட்டியிருக்குமே, அது இந்த ஜெல்தான். பல தாய்மார்கள் பயந்துபோய்ப் படம் அனுப்புகிறார்கள். கழுவிவிட்டால் போதும்.) சிக்கல் வருவது, பத்து ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதை நன்றாக நிறையும்வரை விடுவோம் என்று கீழே தொங்கும்வரை விடுவதில். அது புரிகிறது, மாதச் சம்பளத்தில் டயப்பர் செலவு சின்ன விஷயமில்லை. ஆனால் புண் இருக்கும் இந்த ரெண்டு வாரம் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். பகலில் ரெண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல டயப்பர்களில் நடுவே ஒரு மஞ்சள் கோடு இருக்கும், நனைந்தால் நீலமாகும். அத்தைக்கு அதைக் காட்டிக் கொடுங்கள். மலம் போய்விட்டால் நேரம் பார்க்க வேண்டாம், உடனே மாற்ற வேண்டும். ராத்திரி நீங்கள் தூங்கப் போகும்போது ஒருமுறை, நடுவில் பாலுக்கு எழுந்தால் ஒருமுறை.

துணிக்கும் அதே விதிதான். பழைய வேட்டித் துணி மெத்தென்று இருக்கும், காற்று போகும், அத்தை வளர்த்த பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறை நனையும்போதும் மாற்ற வேண்டும், நாள் முழுக்கப் பலமுறை. பகலில் அவரால் அது முடியும் என்றால் பகலில் துணி, ராத்திரியும் வெளியூருக்கும் டயப்பர் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. எனக்கே அதுதான் பிடிக்கும். துணி கட்டி அதன்மேல் பிளாஸ்டிக் ஜட்டி மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், ரெண்டின் கெடுதலும் அதில் இருக்கிறது. துவைக்கும்போது சோப்பு கொஞ்சம், அலசுவது அதிகம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு லேசில் போகாது, தண்ணீரில் நுரை வராமல் போகும்வரை அலசுங்கள். டெட்டாலில் ஊறவைப்பதும், வாசனைக்காகக் கடைசியில் கம்ஃபர்ட் ஊற்றுவதும் தேவையில்லை. அவை துணியில் தங்கிப் புண்ணில் எரியும். வெயிலில் மொடமொடவென்று காய வேண்டும். மழை நாளில் வீட்டுக்குள் அரைகுறையாகக் காய்ந்ததை இஸ்திரி போட்டுக் கட்டுங்கள்.

வெட் வைப்ஸை இப்போதைக்கு நிறுத்துங்கள். அதில் உள்ள வாசனைப் பொருளும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் புண் தோலுக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். மலம் ஒட்டியிருந்தால் தேய்க்காதீர்கள். குழாயடியில் இடது கையில் தாங்கி, வலது கையால் தண்ணீரை அள்ளி ஊற்றினாலே போய்விடும். ஒட்டிக் காய்ந்திருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு இளக்கி எடுங்கள். பெண் குழந்தை என்பதால் எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். சோப்பு குளிக்கும்போது ஒருவேளை போதும். பயத்தமாவு, நலங்கு மாவு எல்லாம் கையிலும் காலிலும் இருக்கட்டும், இடுக்கில் தேய்த்தால் அந்த நறநறப்பு புண்ணைக் கீறும். மடிப்பில் மாவு தங்கினால் பூஞ்சைக்குத் தீனி. பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் விடுங்கள்.

காற்றில் விடுவதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. அம்மணமாகக் குழந்தை கூடத்தில் தவழ்ந்தால் இங்கே யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பத்துப் பதினைந்து நிமிடம், மதியத் தூக்கத்தில் முடிந்தால் முழுக்க. ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு காட்டன் சேலையை நாலாக மடித்துப் போட்டால் போதும். ஈரோட்டு வெயிலில் இது மருந்துக்குச் சமம். சீக்கிரம் காய வேண்டும் என்று ஹேர் டிரையர் காட்டாதீர்கள்.

காய்ந்த தோலில் தடுப்புப் பூச்சு. ஜிங்க் ஆக்சைடு உள்ள க்ரீம், 10 முதல் 40 சதவீதம் வரை கிடைக்கிறது. ஜிங்க் கிடைக்காவிட்டால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. பூஞ்சை மருந்து தடவும் வேளையில் முதலில் அதை மெல்லிசாகப் பூசி, சில நிமிடம் விட்டு, அதன்மேல் ஜிங்க். முகக் க்ரீம் மாதிரித் தேய்த்து உள்ளே இறக்கக் கூடாது. சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி, அடியில் தோல் தெரியாத அளவுக்கு அப்ப வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது மேலே பட்ட அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு, தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளையை அப்படியே விட்டு அதன்மேல் பூசுங்கள். முழுக்கச் சுரண்டி எடுக்கப் போய்த்தான் பாதிப் பேர் புண்ணைப் பெரிதாக்குகிறார்கள்.

பவுடர் வேண்டாம், எந்தப் பவுடரும். ஈரத்தில் பட்டுக் கட்டிகட்டியாகி இடுக்கில் உரசும். அதைவிட, தட்டும்போது பறக்கும் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறது, டால்க்கை மூச்சில் இழுத்து ஆபத்தான நிலைக்குப் போன குழந்தைகள் உண்டு. வேர்க்குருப் பவுடரும் கூடாது.

அடுத்து அத்தையின் கற்பூர எண்ணெய். தேங்காய் எண்ணெய் வரை அவர் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூஞ்சைப் புண் ஆறிய பிறகு, தோல் நன்றாக இருக்கும் நாட்களில் மெல்லிசாகத் தடவலாம். கற்பூரம்தான் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு அது விஷம். கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரும், புண்பட்ட தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். தடவிய இடத்தில் குழந்தையின் கை பட்டு, அந்தக் கை வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் சூடக் கட்டியை மிட்டாய் என்று எடுத்துத் தின்றுவிட்டு வலிப்போடு வரும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம், ஆகவே பூஜை அலமாரியையும் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். இதை நீங்கள் சொன்னால் மருமகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று ஆகும். டாக்டர் எழுதியிருக்கிறார் என்று இதையே படித்துக் காட்டிவிடுங்கள்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்காமல் விட முடியாது. டயப்பரின் மேல்விளிம்பு கயிற்றின்மேல் உட்கார்ந்து, ஈரமும் அதிலேயே ஊறி, இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் விழும். ஆறும்வரை அவிழ்த்து வைக்கலாம். கழற்றக் கூடாது என்றால் தளர்த்தி, டயப்பருக்கு மேலே இருக்கும்படி ஏற்றி, குளித்ததும் துடைத்துவிடுங்கள். டயப்பரும் இறுக்கமாக இருக்க வேண்டாம், வயிற்றுப் பக்கம் ரெண்டு விரல் நுழைய வேண்டும். தொடையில் ரப்பர் தழும்பு விழுந்தால் அடுத்த சைஸ் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

வயிற்றுப்போக்கு இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை நிறுத்தாமல் புண் ஆறாது. ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் சிரப்பும் தர வேண்டும். 6 மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போக்கு நின்றாலும் ஜிங்கைப் பாதியில் விடாதீர்கள். தாய்ப்பால், தயிர்ச் சாதம், வாழைப்பழம் வழக்கம்போல. ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸும் தக்காளி ரசமும் ஆறும்வரை இருக்கட்டும். அப்புறம், சளி பிடித்தால் போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக ஊற்ற வேண்டாம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து கேட்காது.

சரியாகக் கவனித்தால் சாதாரணப் புண் ரெண்டு மூன்று நாளில் வாடத் தொடங்கும். பூஞ்சைக்கும் மருந்து தொடங்கிய மூன்று நாலு நாளில் சிவப்பு மங்குவது தெரிய வேண்டும். மங்கவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. தலையில் எண்ணெய்ப் பிசுக்கான பொடுகும் இடுக்கில் சிவப்புமாக ஒரு தோல் நோய் உண்டு. ஆசனவாயைச் சுற்றி மட்டும் பளிச்சென்ற சிவப்பும் மலம் கழிக்க வலியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும். வாயைச் சுற்றி, கை கால் விரல்களில், ஆசனவாயைச் சுற்றி என்று மூன்று இடத்திலும் புண் வந்து, முடி உதிர்ந்து, வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை என்றால் உடம்பில் துத்தநாகச் சத்து (ஜிங்க்) பற்றவில்லை என்று சந்தேகிப்போம். கடைசியாகச் சொன்னது அபூர்வம், இவற்றில் எதுவும் உங்கள் மகளுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல், நீர்க் கொப்புளம், சீழ், தோல் உரிந்து ரத்தக் கசிவு, டயப்பர் எல்லையைத் தாண்டிப் பரவுவது, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் வெறும் சிவப்புக்கே காட்டிவிட வேண்டும்.

மொட்டையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும். பஸ்ஸில் டயப்பர்தான், சந்தேகமே வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, அதோடு ரெண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், போக வர ரெண்டுக்கும். கிளம்பும்போது ஜிங்க்கை வழக்கத்தைவிடத் தடிமனாகவே அப்பிவிடுங்கள். மதுரையில் ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணிக்கு மாறுவீர்கள் என்றால் அங்கே, ஏறுவதற்கு முன்னால், நனைந்திருக்கிறதோ இல்லையோ ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர், ஒரு டப்பா பஞ்சு. வைப்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாதது, துடைத்தபின் பஞ்சால் ஒற்றிவிடுங்கள். மடியில் வைத்திருக்கும்போது சீட்டின் ரெக்சின் சூடு படாமல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூரில் கடலில் முக்கி எடுக்காமல் விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். புண் முழுக்க ஆறியிருந்தால் காலை நனைத்துத் தலையில் ரெண்டு கை தெளித்துவிட்டு, உடனே நல்ல தண்ணீரால் கழுவி, மடிப்பில் மணல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு டயப்பர் மாட்டுங்கள். ஒரு பிடி மணல் உள்ளே போனால் திரும்பி வரும் ஏழு மணி நேரமும் உப்புத்தாள் தேய்த்தது போலத்தான். ஆறாமல் இருந்தால் உப்புத் தண்ணீர் வேண்டாம். மொட்டை அடித்ததும் தலைக்குப் பூசும் சந்தனத்தை அங்கே கூடியிருக்கும் யாராவது குளிர்ச்சி என்று இங்கேயும் கொஞ்சம் தடவச் சொல்வார்கள், காய்ந்தால் அது தோலை இழுத்து வெடிக்க வைக்கும். சந்தனம் தலைக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.